காருக்கு ஒரு பத்து, தலைக்கு ஒரு பத்து

பத்துப் போடுகிறவர் என்று ஒரு ஜாதி உண்டு. சென்சஸ்காரர்கள் கணக்கெடுக்கவில்லையே தவிர, தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கூரை ஒழுகினால், ஒழுகும் இடத்தின் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, “நின்னுடுத்து” என்று சொல்கிறவர் இவர். நாற்காலியின் கால் ஆடினால் காலை மாற்ற மாட்டார். அடியில் பழைய போஸ்ட் கார்டை நாலாக மடித்து வைப்பார், மறு வாரம் இன்னொரு கார்டு, அதற்கடுத்த வாரம் இன்னொன்று, கடைசியில் அந்த வீட்டுக்கு வந்த நல்லது கெட்டது எல்லாம் நாற்காலிக் காலடியில் போய்ச் சேர்ந்திருக்கும். நாற்காலி ஆடிக்கொண்டேயிருக்கும். கடிகாரம் இருபது நிமிஷம் மெதுவாக ஓடினால், அதைப் பழுது பார்க்கக் கொடுக்க மாட்டார். வீட்டில் எல்லாரையும் இருபதைக் கூட்டிச் சொல்லப் பழக்கிவிடுவார்.

இவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி சும்மா இருப்பான், சேதம் குறைவு. இவர் உழைப்பாளி. ஒரு வாரத்தில் ஒழுங்காக முடியக்கூடிய வேலையைத் தவிர்ப்பதற்காக ஆறு மாதம் விடாமல் உழைப்பார்.

இவர் வாயில் ‘பழுது’ என்ற சொல் வராது. ‘லேசா’ என்று வரும், ‘கிட்டத்தட்ட’ என்று வரும், ‘இப்போதைக்கு’ என்று வரும். லேசா விரிசல். கிட்டத்தட்டப் பொருந்தும். இப்போதைக்கு ஓடும். நான் முப்பத்து நாலு வருஷம் புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். இந்த மூன்று சொல்லையும் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால், முதலில் அவரைப் படுக்க வைப்போம். கேள்வியெல்லாம் பிறகுதான்.

இந்த ஜாதியில் நான் பார்த்த மிகச் சிறந்த ஆள் ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதி வக்கீல் சௌரிராஜன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அவரிடம் ஒரு கார் இருந்தது. யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்த வண்டி. உதிரிச் சாமான் ஒன்றும் கிடைக்காது. அந்த வருஷம் அதன் மேனிஃபோல்டு வெடித்துவிட்டது.

பயப்படாதீர்கள், சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்குப் பக்கவாட்டில் நாலு வாய் இருக்கிறது. எரிந்த புகை அந்த நாலு வாய் வழியாகத்தான் வெளியே வரும். நாலு வாய்ப் புகையையும் சேர்த்து ஒரே குழாயில் விட்டு, வண்டியின் பின்பக்கமாக அனுப்புவதற்கு நாலு கிளையுள்ள ஒரு வார்ப்பிரும்புக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதுதான் மேனிஃபோல்டு. அது எஞ்சினோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் வரையில் உங்களுக்கும் எனக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

பாலக்கரையில் பழைய இரும்பு விற்கும் நஜிமுதீன் கடையில், ஏதோ பட்டாளத்து லாரியிலிருந்து கழற்றிய மேனிஃபோல்டு ஒன்று கிடந்தது. சௌரிராஜன் அதைப் புரட்டிப் பார்த்தார். நாலு கிளை இருந்தது. அவருக்கு அது போதும். பக்கத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பரக்கத் அலியிடம் கொண்டு போனார்.

“நம்ம வண்டிக்குன்னே வார்த்த மாதிரி இருக்கு, பாருங்கோ பாய்.”

பரக்கத் அலி அதை எஞ்சின் மேல் வைத்துப் பார்த்தார். “ரெண்டு வாய் சரியா உக்காருதுங்க. மூணாவது விளிம்புல நிக்குது. நாலாவது அரை விரக்கடை தள்ளியே போயிருச்சு, சார்.”

“கிட்டத்தட்ட சரிதானே?”

“சோத்தைக் காதுகிட்டக் கொண்டு போனா, கிட்டத்தட்ட சாப்பிட்ட மாதிரிதாங்க.”

வக்கீல் சிரித்தார். இந்த ஜாதிக்குக் கேலி உறைக்காது.

“சார், ஒரு கனத் தகடு செய்யணும். ஒரு பக்கம் எஞ்சின் வாய்க்குப் பொருந்தணும், மறுபக்கம் இந்தக் குழாய்க்குப் பொருந்தணும். பொன்மலை ரயில் பட்டறையில ஃபிட்டரா இருந்து ரிட்டயரான மருதை வீட்டுலயே லேத்து வச்சிருக்காரு. எட்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க.”

“எட்டு நாளா? வெள்ளிக்கிழமை கோதையைப் புத்தூருக்கு அழைச்சிண்டு போகணுமே. போல்ட் ஓட்டையை அரத்தால லேசா ராவி, இப்போதைக்கு முடுக்கிடுங்கோ. இடுக்குல பத்துப் போட்டுக்கலாம்.”

கோதை என்பது அவர் மகள் கோதைநாயகி. முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. இது இரண்டாவது. அதனால் மாப்பிள்ளை ஐந்தாம் மாதமே அவளைப் பிறந்த வீட்டில் கொண்டு வந்து விட்டிருந்தார். இப்போது ஏழாம் மாதம். வெள்ளிதோறும் வந்து காட்டியாக வேண்டும் என்று எங்கள் டாக்டரம்மாள் உத்தரவு போட்டிருந்தார். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பதுதான் அந்த வீட்டின் முதல் கவலை. காரைப் பற்றிய கவலை அதற்கு அடுத்தது. ரொம்பவும் பின்னால் இல்லை.

போல்ட் ஓட்டைகளை ராவி நீளமாக்கி, குழாயை இழுத்துப் பிடித்து முடுக்கி, இடைவெளியில் அட்டையைக் கத்தரித்து வைத்து, அதன் மேல் முதல் பத்து. சுண்ணாம்பும் வெல்லமும். கோட்டைச் சுவருக்கே தாங்கும்போது காருக்குத் தாங்காதா? தாங்கவில்லை. மாம்பழச் சாலை வருவதற்குள் வெல்லம் பாகாகிச் சொட்டியது. இரண்டாவது பத்து, காவேரி வண்டல் மண்ணில் தோய்த்த ஆஸ்பெஸ்டாஸ் கயிறு. அது மூன்று நாள் நின்றது. மூன்றாவதுதான் ஊரறிந்த பத்து. முட்டை வெள்ளைக்கருவில் சுண்ணாம்பைக் குழைத்தால் இரும்பாகவே இறுகிவிடும் என்று கட்சிக்காரர் ஒருவர் கோர்ட்டு வராந்தாவில் சொல்லிவிட்டார். வடக்குச் சித்திரை வீதியில் முட்டைக்கு எங்கே போவது? குமாஸ்தா வீரமலை காந்தி மார்க்கெட்டில் இரண்டு வாங்கி, கேஸ் கட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் வண்டியைக் கிளப்பினார். சத்தம் நின்றிருந்தது. வாசனை கிளம்பிற்று. பெருமாள் சேவிக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள் உத்தரீயத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டுச் சாரங்கபாணி வாசலுக்கு ஓடி வந்தார்.

“யாராத்துல ஓய் இது, காலங்கார்த்தால?”

“ஒண்ணுமில்லை ஓய், எஞ்சின் லேசா சூடாறது.”

“எஞ்சின் சூடாறதா, இல்லே பானெட்டுக்குள்ளே மிலிட்டரி ஹோட்டல் வச்சிருக்கீரா?”

இதற்கெல்லாம் வக்கீல் கலங்கவில்லை. ஏனென்றால் அவரிடம் ஒரு சாட்சி இருந்தது. பத்து விரிசல் விட்ட பிறகு, காலையில் வண்டியைக் கிளப்பியதும் எஞ்சினிலிருந்து ‘டக் டக் டக்’ என்று ஒரு சத்தம் வரும். காவேரிப் பாலம் நெருங்குவதற்குள் இரும்பு சூடேறி விரிந்து, இடுக்கு குறுகி, சத்தம் அடங்கிவிடும். அடங்கியதும் அவர் பின்னால் திரும்பி, “பார்த்தேளா, தானே ஆறிடுத்து!” என்பார். இருமல் நின்றதும் நோயாளி பிழைத்துவிட்டான் என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்புகிற ஆட்களை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். சில சமயம் இருமல் வேறு காரணத்தாலும் நிற்கும்.

இனி தலைக்குப் போட்ட பத்து.

அந்த வெள்ளிக்கிழமை கோதை வந்தபோது நெற்றி முழுக்கச் சுக்குப் பத்து அப்பியிருந்தது.

“என்னம்மா, தலைவலியா?”

“ஆமாம் சிஸ்டர். பாலம் ஏறச்சே ஆரம்பிச்சுது. இங்கே வந்து இறங்கினதும் வாந்தி.”

அவள் தாயார் வேதவதி முந்திக்கொண்டாள். “காவேரிக் காத்து ஒத்துக்கலை சிஸ்டர். பிள்ளைத்தாச்சிக்கு அந்தக் குளிர்ந்த காத்து காதுல ஏறினா விடுமா? கண்ணாடியை நன்னா ஏத்திடச் சொல்லிட்டேன். அப்படியும் எப்படியோ உள்ளே வந்துடறது.”

அம்மாள் சொன்னதில் பாதி சரி. ஏதோ ஒன்று உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது.

கர்ப்பிணிக்குத் தலைவலி என்றால் நாங்கள் சும்மா விட மாட்டோம். ரத்த அழுத்தம் பார்த்தோம், சரியாக இருந்தது. சிறுநீரைச் சுட வைத்துப் பார்த்தோம், தெளிவாக இருந்தது. காலில் வீக்கமில்லை. ஒரு மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள், வலி போய்விட்டது. அடுத்த வெள்ளியும் இதே கதை, பத்து மட்டும் இன்னும் கொஞ்சம் தடிமன். மூன்றாம் வெள்ளி, வக்கீல் ஒரு கேஸுக்காகப் புதுக்கோட்டை போய்விட்டதால், தாயும் மகளும் பஸ்ஸில் வந்தார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரையில் நின்றுகொண்டே வந்தார்களாம். ஜன்னல் எல்லாம் திறந்தபடி, பாலத்தின் காற்று முழுவதும் முகத்தில் அடித்ததாம். கோதையின் நெற்றி வெறுமையாக இருந்தது.

“தலைவலி?”

“இல்லையே சிஸ்டர்! நானே நினைக்கலை.”

“இன்னிக்குக் காத்து கம்மி” என்றாள் வேதவதி.

வாசலில் வேப்பமரம் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. நான் வேதவதியைத் தனியாகக் கூப்பிட்டு, வண்டியில் புகை வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம், பார்த்துச் சரிசெய்யும் வரை பஸ்ஸிலேயே வாருங்கள், வண்டியில்தான் வந்தாக வேண்டுமென்றால் கண்ணாடியைத் திறந்து வையுங்கள் என்று சொன்னேன். மூடிய அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு படுத்த பிரசவக்காரிகளை நான் பார்த்திருக்கிறேன். அது போலத்தான் இதுவும் என்றேன்.

“ஆத்துல கார் நிக்கறச்சே பிள்ளைத்தாச்சி பஸ்ஸுல நின்னுண்டு போனா, ஊர் என்ன பேசும் சிஸ்டர்? அவர்கிட்டச் சொல்றேன், பார்த்து ஒரு பத்துப் போட்டுடுவார்.”

போட்டார். அதே வாரம் வேதவதியும் தன் பங்குக்கு ஒன்று போட்டாள். கண்ணாடி இடுக்கு வழியாகக் காற்று வராமல், பழைய வேட்டியைக் கிழித்துச் செருகினாள். பத்துப் போடும் பழக்கம் தொற்றிக்கொள்ளக் கூடியது. இதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாம் வெள்ளி. ஆஸ்பத்திரி கேட்டில் கார் வந்து நின்றது. முன் சீட்டில் வக்கீல், பக்கத்தில் வீரமலை. பின்கதவு திறக்கவில்லை. நான் போய்த் திறந்தேன். வேதவதி போதை ஏறினவள் போல விழித்துக்கொண்டிருந்தாள். கோதை அவள் மடியில் சரிந்து கிடந்தாள். கூப்பிட்டேன். பதிலில்லை.

அவளை வெளியே எடுத்து, காற்றில் கிடத்தி, இரவிக்கையைத் தளர்த்தி, ஆக்சிஜன் வைத்தோம். டாக்டரம்மாள் நாடியைப் பிடித்தார். நான் வயிற்றில் மரக்குழலை வைத்துப் பிள்ளையின் துடிப்பைத் தேடினேன். கிடைத்தது. அதன் வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

“சிஸ்டர், லேசா மயக்கம்தானே? இப்போதைக்கு…”

“பேசாதீங்க. எண்ணிக்கிட்டிருக்கேன்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதருக்கு ‘கிட்டத்தட்ட’ உதவவில்லை. நிமிஷத்துக்கு இத்தனை என்று நான் சொல்லும்போது என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நூற்றுக்கும் கீழே இருந்தது. பிறகு நூற்றுப்பத்து. கால் மணிக்குப் பிறகு நூற்று முப்பது. கோதை ஒரு முறை குமட்டி, கண் திறந்து, தண்ணீர் கேட்டாள். பிள்ளை உதைத்தது. டாக்டரம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்.

அவள் தெளிந்துவிட்டாள் என்று தெரிந்ததும் வக்கீலுக்குள்ளிருந்த வக்கீலும் தெளிந்துவிட்டார்.

“சிஸ்டர், வண்டிப் புகைதான் காரணம்னு எப்படிச் சொல்றேள்? நானும் அதே வண்டியிலதானே வரேன். எனக்கு ஒரு நாளும் தலை வலிச்சதில்லையே.”

“வண்டியைத் திருப்பறதுக்கு முன்னால என்ன செய்வீங்க?”

“கையைக் காட்டுவேன்.”

“எது வழியா?”

“ஜன்னல் வழியாத்தான்…”

“அப்ப உங்க பக்கத்துக் கண்ணாடி?”

முப்பது வருஷமாக மற்றவர்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்டவர், தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார்.

வீரமலை ஓடிப்போய்ப் பரக்கத் அலியை அழைத்து வந்தார். பாய் வந்ததும் ஓர் ஊதுபத்தி கேட்டார். வார்டு ஆயா வீராயி, தன் மாரியம்மன் படத்துக்கு வைத்திருந்ததில் ஒன்று எடுத்துக் கொடுத்தாள். எஞ்சினை ஓட விட்டு, வீரமலையைப் பின்னால் நிறுத்தி, வால் குழாயின் வாயை ஈரச் சாக்கால் லேசாக அமுக்கச் சொல்லி, பாய் ஊதுபத்தியை மேனிஃபோல்டு ஓரமாக மெல்லக் கொண்டு போனார். முதல் இரண்டு வாயருகே புகை நேராக எழும்பியது. மூன்றாவதில் சாய்ந்தது. நாலாவதுக்குப் போனதும் நெருப்பே அணைந்துவிட்டது. பிறகு பெடல் பக்கம் இருந்த கம்பளத்தைத் தூக்கிக் காட்டினார். தரையில் பெடல் போகும் ஓட்டையைச் சுற்றி, அடுப்பங்கரைச் சுவர் போல் கரி படிந்திருந்தது.

அந்தப் பக்கம் போன ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டு, “புது வண்டிங்களா?” என்று கேட்டார்.

“எத்தனை நாள் பாய்?” என்றார் சௌரிராஜன்.

“அன்னிக்குச் சொன்ன எட்டு நாள்தாங்க. இப்ப பத்தைச் சுரண்டறதுக்கு ஒரு நாள் சேத்துக்குங்க.”

சுரண்டியபோது ஏழு படலம் வந்ததாம். மருதை ஓர் இரும்பு அடிக்கோலை மேனிஃபோல்டின் முகத்தில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். கோலுக்கும் இரும்புக்கும் நடுவே பகல் தெரிந்தது. அந்த முகத்தை லேத்தில் கடைந்து மட்டமாக்கினார். இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும்படி தகடு செய்து, அதன் இருபுறமும் இடுக்கை அடைக்கச் செப்புத் தகட்டுக் கேஸ்கட் வைத்தார். வக்கீல் தினமும் பட்டறையில் ஆஜர்.

“ஏன் மருதை, ஓரத்து நட்டை முழுக்க முடுக்கிட்டு அடுத்ததுக்குப் போயிடுங்கோளேன். சட்டுனு முடியும்.”

“ஒரு சாட்சியை மட்டும் விசாரிச்சுட்டு ஜட்ஜு தீர்ப்பு எழுதினா ஒத்துக்குவீங்களா சார்? நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் கொஞ்சங் கொஞ்சமா முடுக்கணும். அப்புறம் ஓட விட்டு, ஆற விட்டு, மறுபடி முடுக்கணும்.”

“மறுபடியுமா?”

“மறுபடியும்தான். சூடு பட்டா எல்லாம் தளரும்.”

பெடல் ஓட்டையைச் சுற்றிப் பாய் ரப்பர் வைத்து அடைத்தார். நாலு வாயருகிலும் ஊதுபத்திப் புகை கோடு போட்ட மாதிரி எழும்பிய பிறகுதான் சாவியைக் கொடுத்தார். அதுவரையில் கோதை கண்ணாடி இறங்கிய வாடகைக் காரில் வந்து போனாள். காவேரிக் காற்று தினம் போல வீசியது. ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை.

மாதம் நிறைந்து, பெண் குழந்தை பிறந்தது. ஆறேகால் பவுண்டு. நான்தான் தராசில் வைத்தேன். வக்கீல் எட்டிப் பார்த்து, “கிட்டத்தட்ட ஏழு பவுண்டுன்னு சொல்லலாமா சிஸ்டர்?” என்றார். சொல்லக் கூடாது என்றேன்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். பார் அசோசியேஷனில் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை வீரமலை வந்து என்னிடம் சொன்னார்: “நான் அன்னிக்கே தகடு போடணும்னு சொன்னேன். பாய்தான் இப்போதைக்குப் பத்துப் போதும்னார்.” அந்த ஜாதி அப்படித்தான்.

எனக்கு அவரைப் பற்றி அதிகம் கவலையில்லை. பிரசவமான மூன்றாம் நாள், குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது கோதையிடம் ஒன்று கேட்டேன். வண்டிக்குள் புகை வாசனை அடித்திருக்குமே, உனக்குத் தெரியவில்லையா?

“தெரிஞ்சுது சிஸ்டர். முதல் நாளே தெரிஞ்சுது.”

“பின்னே ஏன் சொல்லலை?”

“அப்பா அவ்வளவு சந்தோஷமா ஓட்டிண்டு வரச்சே எப்படிச் சொல்றது?”

இவ்வளவு தூரம் படித்தவர்களில் பலர், ‘ஐயோ, இது நம்ம சித்தப்பாவேதான்’, ‘இது மேல்மாடிக்காரரேதான்’ என்று பெயர் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். சந்தோஷம். ஒரு காரியம் செய்யுங்கள். இதை வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது உரக்கப் படித்துக் காட்டுங்கள். சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, உங்கள் முகத்தை மட்டும் பார்க்காமல், “நன்னாயிருக்கு, மோர் போடட்டுமா?” என்று கேட்டார்களானால், மோரை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். முதலில் அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்.